சிட்டடலுக்குள் போவதா, மேலே நிற்பதா?

2025 நவம்பர் 6-ஆம் தேதி, சோமாலியாவின் எய்ல் ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 560 கடல் மைல் தள்ளி ஒரு டேங்கரில் கடற்கொள்ளையர் ஏறினார்கள். கப்பலின் பெயர் ஹெல்லாஸ் அஃப்ரோடைட். குஜராத்தின் சிக்காவில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனுக்கு வந்துகொண்டிருந்தது. துப்பாக்கியும் ராக்கெட் குண்டும் சுட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார்கள். கப்பலில் இருந்த 24 பேரும் சிட்டடலுக்குள், அதாவது கொள்ளையர் வந்தால் ஒளிவதற்கென்று ஒதுக்கிய அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஸ்பெயின் போர்க்கப்பல் விக்டோரியா வந்து சேர்ந்தபோது கொள்ளையர் கம்பி நீட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

குஜராத் பெட்ரோல் டர்பனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் டர்பனின் மெரிபேங்க் பக்கம் போய்ப் பார்க்கலாம். அங்கே இருந்த என்ஜென் சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பர் 4 வெடிவிபத்துக்குப் பிறகு ஓடவே இல்லை. அடுத்திருந்த சாப்ரெஃப், நாட்டிலேயே பெரிய ஆலை, 2022-ல் நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரல் வெள்ளம் அதற்குள்ளும் புகுந்தது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் காருக்குப் போடும் எண்ணெயில் பெரும்பங்கு இப்போது வெளிநாட்டில் சுத்திகரித்து, கப்பலில் வந்து, டர்பன் துறைமுகத்தின் ஐலண்ட் வியூ தொட்டிகளில் இறங்குகிறது. செங்கடல் சண்டை எகிப்துக்காரர் கவலை என்று இங்கே இன்னும் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியில் ஓடும் ஒரு கப்பலுக்கு இன்று மூன்று வகை ஆபத்து உண்டு: சோமாலியக் கொள்ளையர், செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப்பில் யேமனின் ஹூதிகள் விடும் ஏவுகணையும் டிரோனும், இவற்றுக்குப் பயந்து சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனை, அதாவது கேப் சுற்றி வந்தால் நம் கரையோரத்து அலை. ஒன்றுக்காகச் செய்த ஏற்பாடு இன்னொன்றில் ஆளைக் கொல்லக்கூடியது என்பதுதான் இதில் பலர் கவனிக்காத சங்கதி.

சிட்டடலையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கப்பல்களில் இன்ஜின் கன்ட்ரோல் ரூமோ, பின்புறம் ஸ்டியரிங் கியர் அறையோதான் சிட்டடல். கொள்ளையர் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மெயின் இன்ஜினை நிறுத்தி, எல்லாரும் உள்ளே போய், உள்பக்கம் தாழிட வேண்டும். கொள்ளையனுக்குக் கப்பலை ஓட்டத் தெரியாது. பணயம் வைக்க ஆளும் கிடைக்கவில்லை என்றால் அவனுக்கு அது வெறும் இரும்பு. ஆனால் கடற்படை உள்ளே நுழைந்து மீட்பதைப் பற்றி யோசிக்கவே மூன்று நிபந்தனைகள் உண்டு. கப்பலில் உள்ள அத்தனை பேரும் உள்ளே இருக்க வேண்டும். இருவழியும் பேசக்கூடிய நம்பகமான தொடர்பு வேண்டும். இன்ஜினைக் கொள்ளையர் இயக்க முடியாதபடி இருக்க வேண்டும். சமையல்காரர் ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டால் போதும், முதல் நிபந்தனை போச்சு. அதனால்தான் ஒத்திகையில் கடைசி ஆள் வரும்வரை தலை எண்ணுவார்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதில். சாட்டிலைட் போன் உள்ளே இருக்கும். அதன் ஆன்டெனா, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் உச்சியில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கும். கொள்ளையன் முதலில் வெட்டுவது அதைத்தான். தனி ஆன்டெனாவும் தனி பேட்டரியும் வேண்டும். அதற்கு மேல் குறைந்தது மூன்று நாளுக்குக் குடிநீர், சாப்பாடு, மருந்து, கழிப்பறைக்கு ஒரு வழி, கப்பலின் மின்சாரத்தை நம்பாத வெளிச்சம், கொள்ளையன் வெளியிலிருந்து மூட முடியாத காற்றுவழி. இவையெல்லாம் சரியாக இருந்தால் சிட்டடல் வேலை செய்கிறது. 2024 ஜனவரியில் லீலா நோர்ஃபோக் கப்பலில் 15 இந்தியர் உட்பட 21 பேரும் அப்படித்தான் உள்ளே இருந்தார்கள். ஐஎன்எஸ் சென்னை போய் மீட்டது.

இதே சிட்டடலைச் செங்கடலில் யோசித்துப் பாருங்கள். 2024 ஜூன் 12 அன்று டியூட்டர் என்ற நிலக்கரிக் கப்பலின் பின்புறத்தில், ஆளில்லாத ஒரு படகு வெடிமருந்தோடு வந்து மோதியது. அடி விழுந்தது நீர்மட்டத்தில். இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்தது, அங்கே இருந்த ஒரு ஃபிலிப்பினோ மாலுமி இறந்தார், சில நாளில் கப்பலும் மூழ்கியது. கடல் டிரோன் குறிவைப்பது பின்புறத்து இன்ஜின் ரூமை. அங்கேதான் சிட்டடலும் இருக்கிறது. கொள்ளையருக்காகக் கட்டிய அறைக்குள், வெடிபடகுக்காக 24 பேரை இறக்கிப் பூட்டுவது சவக்குழி தோண்டும் வேலை.

அதனால் இப்போதைய நடைமுறை, இரண்டு இடங்களைத் தனித்தனியாகக் குறித்து வைப்பது. ஆள் ஏறுவதற்குச் சிட்டடல். வெடிப்பதற்கு நீர்மட்டத்துக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டாத, கண்ணாடி இல்லாத ஓர் உள்நடை. படிக்கட்டைச் சுற்றிய பகுதி பெரும்பாலும் பொருந்தும். அலாரமும் இரண்டு விதமாக ஒலிக்க வேண்டும். ஒரே மணி அடித்தால் பாதிப் பேர் கீழே ஓடுவார்கள், பாதிப் பேர் மேலே. ரேடாரில் ஒரு சின்னப் படகு தெரிகிறது. அதில் வருவது ஏணியா, வெடிமருந்தா? பிரிட்ஜில் நிற்கிற ஆள் அதை ஓரிரு நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். சில வெடிபடகுகளில் மீனவர் போலப் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். ஏவுகணை என்றால் அந்த அவகாசமும் இல்லை. ஒலியின் வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் வரும் ஏவுகணை 50 கிலோமீட்டரை மூன்று நிமிடத்தில் தாண்டிவிடும், அது கிளம்பியதை யாராவது சொன்னால்தான் அந்த மூன்று நிமிடமும். ஆகவே அந்தப் பகுதியைக் கடக்கும்வரை டெக் வேலை கிடையாது, இன்ஜின் ரூமில் ஆள் குறைவு, பிரிட்ஜ் கண்ணாடியில் சிதறல் தடுக்கும் படலம், நீர்புகாக் கதவுகள் அடைத்தபடி.

ரேசர் கம்பியும் இப்படித்தான். கொள்ளையருக்கு 730 அல்லது 980 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுருளை இரட்டை வரிசையாகக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கட்டுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் லைஃப்போட் இறங்கும் இடத்தையும் ராஃப்ட் விழும் இடத்தையும் மறித்துக் கட்டியிருந்தால், கப்பல் சாயும் நேரத்தில் மாலுமியின் தோலைக் கிழிப்பது அதே கம்பி. 2023 நவம்பர் 19 அன்று கேலக்ஸி லீடரைப் பிடித்தவர்கள் ஹெலிகாப்டரில் வந்து மேல்தளத்தில் இறங்கினார்கள். பக்கவாட்டுக் கம்பி அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த 25 மாலுமிகளும் 2025 ஜனவரி 22 வரை பிடியில் இருந்தார்கள்.

இன்ஜின் ரூமில் அடி விழுந்தபின் கப்பல் தப்புமா என்பது ஒரு வால்வைப் பொறுத்தது. மெயின் தீயணைப்புப் பம்பு இன்ஜின் ரூமில் இருக்கும். அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் தீயணைப்புப் பம்பு அதற்கு வெளியே, பெரும்பாலும் முன்பக்கமோ ஸ்டியரிங் கியர் பக்கமோ, தனியாக ஓடும். அதை ஓடவிட்டும் டெக் ஹோஸில் தண்ணீர் வராது, அழுத்தம் ஏறாது. காரணம், ஃபயர் மெயின் குழாயின் ஒரு கிளை இன்ஜின் ரூமுக்குள் உடைந்து கிடக்கிறது. பம்பு தள்ளும் நீரெல்லாம் அந்த ஓட்டை வழியே உள்ளேயே கொட்டுகிறது. இதற்காகவே இன்ஜின் ரூமுக்கு வெளியே, எளிதில் எட்டும் இடத்தில், அந்தக் கிளையைத் தனியே அடைக்கும் ஒரு ஐசொலேட்டிங் வால்வு வைக்கச் சொல்கிறது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதி. எல்லாக் கப்பலிலும் அது இருக்கிறது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஸ்பிண்டில் இறுகிப்போய், கைச்சக்கரம் அசையாமல் இருப்பதும் அடிக்கடி காண்பதுதான். மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறந்து, கிரீஸ் போட்டு, மூடிய நிலையில் அவசரப் பம்பை ஓட்டி இரண்டு ஹோஸில் நீர் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

கப்பலைக் கைவிடும்போது நங்கூரம் போட்டுவிட்டுப் போவது இன்னொரு சிக்கல். 2024 பிப்ரவரி 18 அன்று அடிபட்ட ரூபிமார், சுமார் 21,000 டன் உரத்தோடு, போட்ட நங்கூரத்தை இழுத்துக்கொண்டே நாள்கணக்கில் நகர்ந்தது; மார்ச் 2 அன்று மூழ்கியது. இடையில் செங்கடலின் அடியில் போகும் கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரம்தான் அறுத்திருக்கும் என்பது பரவலான சந்தேகம். அறுந்தவற்றில் ஒன்று சீகாம், நம் குவாசுலு-நட்டால் கரையில் மிதுன்சினியில் ஏறுகிற கேபிள். மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காப் பக்கத்துக் கேபிள்களும் வேறு காரணத்தால் அறுந்தபோது, இங்கே பலர் இன்டர்நெட் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி ஏஐஎஸ், கப்பல் தன்னை அடையாளம் காட்டும் தானியங்கி ரேடியோக் கருவி. ஓடும் கப்பலின் ஏஐஎஸ், இடத்தையும் வேகத்தையும் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். பெயர், போகுமிடம் போன்றவற்றை 6 நிமிடத்துக்கு ஒருமுறை. பாதுகாப்புக்கு ஆபத்து என்று கேப்டன் கருதினால் அணைக்கலாம், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அணைத்தால் ஹூதிகளுக்குக் குறிவைப்பது சற்றுக் கடினமாகிறது, ஆனால் காக்க வரும் போர்க்கப்பலுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பாப் எல் மண்டெப்பின் அகலமே 30 கிலோமீட்டர் அளவுதான், நடுவில் பெரிம் தீவு வேறு. போக்குவரத்து ஓடுவது அதன் மேற்கு வாய்க்காலில். இருட்டில் அணைத்துவிட்டுப் போகும் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதவும் இடமுண்டு.

போகுமிடம் என்ற கட்டத்தில் இருபதே எழுத்துக்கு இடம். அதில் “முழுக்கச் சீன மாலுமிகள்”, “இஸ்ரேலோடு தொடர்பில்லை” என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஹூதிகள் பார்ப்பது உரிமையாளர் யார், அதே கம்பெனியின் வேறு கப்பல் எதுவும் இஸ்ரேல் துறைமுகம் தொட்டதா என்பதை. 2025 ஜூலையில் மேஜிக் சீஸும் எட்டர்னிட்டி சியும் அந்தக் கணக்கில்தான் மாட்டின. இரண்டும் மூழ்கின, இரண்டாவதில் ஆட்களும் இறந்தார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விற்ற கப்பலின் பழைய உரிமையாளர் பெயர் ஏதாவது தரவுத்தளத்தில் மாறாமல் கிடந்தாலும் ஆபத்துதான். ஆகவே கிளம்பும் முன் எக்வேஸிஸ் போன்ற பொதுத் தரவுத்தளங்களில் தன் கப்பலைத் தானே தேடி, தவறு இருந்தால் திருத்தக் கேட்பது, அந்த இருபது எழுத்தைவிட உருப்படியான காரியம்.

ஜிபிஎஸ் குழப்படியும் சேர்ந்துகொண்டது. 2025 மே 10 அன்று எம்எஸ்சி அன்டோனியா ஜெட்டா அருகே தரைதட்டியது. ஜிபிஎஸ் சிக்னலில் யாரோ கைவைத்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. திரையில் கப்பல் தரைமேல் போவது போலக் காட்டினால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஒரு கேபிள், இரண்டு கேபிள் (கடல் மைலில் பத்தில் ஒரு பங்கு ஒரு கேபிள்) என்று மெல்ல நகர்த்தினால்தான் மோசம். ஏஐஎஸ், கைரோ திசைகாட்டியின் திருத்தம், மின்வரைபடம், கடிகாரம் எல்லாம் ஒரே ஜிபிஎஸ்ஸை நம்பியிருப்பதால் எல்லாமே ஒன்றுபோலப் பொய் சொல்லும். ரேடாரில் தீவையோ முனையையோ பிடித்துத் தூரமும் திசையும் எடுத்து, ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரை வரைபட ஆழத்தோடு ஒப்பிடுவதுதான் மருந்து. வாட்சுக்கு, அதாவது காவல் முறைக்கு ஒருமுறை என்ற வழக்கம் அங்கே போதாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டும்.

எந்த வழியில் போவது என்று முடிவு செய்வது கேப்டன் என்று நினைத்தால் அது பழைய காலம். லண்டன் இன்சூரன்ஸ் சந்தையின் கூட்டுப் போர்க்குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள கடலுக்குள் நுழைந்தால் வழக்கமான பாலிசி போக, ஏழு நாளுக்கு ஒரு கூடுதல் பிரீமியம். 2023 நவம்பர் வரை அது கப்பல் மதிப்பில் 0.05 சதவீத அளவில் இருந்தது. 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை ஏறியது. சொல்லும் விலை பெரும்பாலும் ஓரிரு நாளுக்குத்தான் செல்லும்.

ஓர் உதாரணக் கணக்கு. 6 கோடி டாலர் மதிப்புள்ள மொத்தச் சரக்குக் கப்பல். 0.05 என்றால் 30,000 டாலர், 0.7 என்றால் 4,20,000. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழி சுமார் 8,300 கடல் மைல், கேப் வழி சுமார் 11,800. கூடுதல் 3,500 மைல், 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் 11 நாள். நாளுக்கு 30 டன் எண்ணெய், டன் 600 டாலர் என்று வைத்தால் ஏறக்குறைய 2 லட்சம். கப்பல் வாடகை நாளுக்கு 15,000 என்றால் இன்னும் 1,65,000. சூயஸ் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலே கேப் மலிவு. பிரீமியம் 0.2-க்கு இறங்கினால், கட்டணம் சேர்க்காத இதே கணக்குத் தலைகீழ். 2023-ல் சுமார் 1,025 கோடி டாலராக இருந்த சூயஸ் கால்வாய் வருமானம் 2024-ல் 400 கோடி அளவுக்குச் சரிந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிரீமியம் சொல்லும் ஆள் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, கப்பல்கள் திரும்பிவிட்டன.

திரும்பி எங்கே வந்தன? நம் பக்கம். ஆனால் டர்பனுக்குள் அதிகம் வரவில்லை. 2023 நவம்பரிலேயே வெளிக்கடலில் 60-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இடத்துக்காகக் காத்துக் கிடந்தன, யார் உள்ளே வருவார்கள்? அல்கோவா வளைகுடாவில் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் பங்கர் பார்ஜ்களை அந்த செப்டம்பரில் வரித்துறை பிடித்து வைத்திருந்ததால் எண்ணெய் பிடிக்கப் பலர் போர்ட் லூயிஸுக்கும் வால்விஸ் பேக்கும் போனார்கள்.

கடந்துபோனவர்களைக் கடல் சும்மா விடவில்லை. அகுலாஸ் நீரோட்டம் கரையை ஒட்டித் தென்மேற்காக 4, 5 நாட் வரை ஓடும். ஆசியாவிலிருந்து வரும் கப்பலுக்கு அது இலவச வேகம். 200 மீட்டர் ஆழக் கோட்டுக்குச் சற்று வெளியே ஏறிக்கொண்டால் எண்ணெய் மிச்சம். குளிர்காலத்தில் ஒரு தென்மேற்குப் புயல் அந்த ஓட்டத்துக்கு எதிராக வீசும்போது அலை குறுகிச் செங்குத்தாகும், முன்னால் பள்ளம் விழும். மிச்சம் பிடிக்கப் போன அதே தடத்தில்தான் இது நடக்கும். பாரோமீட்டர் இறங்கி, வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்கு கிளம்பப் போகிறது என்றால் 200 மீட்டர் கோட்டுக்கு உள்ளே ஒதுங்கிவிட வேண்டும் என்பது இந்தக் கரையின் பழைய பாடம். 1909 ஜூலையில் டர்பனைவிட்டுக் கிளம்பிய வாரடா, 211 பேரோடு காணாமல் போனது இந்தத் தடத்தில், இன்றுவரை கிடைக்கவில்லை.

2024 ஜூலை 9 அன்று சிஎம்ஏ சிஜிஎம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இந்தக் கரையோரம் 44 கன்டெய்னர்களை இழந்தது. ஆகஸ்டில் சிஎம்ஏ சிஜிஎம் பெலெம் 99. உலகக் கப்பல் கழகத்தின் கணக்கில், 2023-ல் உலகம் முழுதும் விழுந்தவை 221. 2024-ல் 576, அதில் 200 அளவு கேப் பகுதியில். பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு இங்கே வரும் நோய் பாராமெட்ரிக் ரோலிங். கப்பல் ஒருமுறை உருண்டு திரும்ப 24 விநாடி என்றால், அலை 12 விநாடிக்கு ஒன்றாக எதிர்வரும்போது, அலை நீளமும் கப்பல் நீளத்துக்கு நெருங்கியிருந்தால், ஒவ்வொரு உருளலும் அடுத்ததை வளர்க்கும். ஐந்தாறு உருளலில் 30 டிகிரி தாண்டிவிடும். தலைநேராக அலையை வாங்கினால் பாதுகாப்பு என்ற பழக்கம் இங்கே உதவாது. திசையையோ வேகத்தையோ மாற்றி அந்த 12-ஐக் கலைக்க வேண்டும், அதுவும் முதல் பெரிய உருளலுக்கு முன். கொள்ளையர் பகுதியில் 18 நாட் வேகமே காவல்; இங்கே அதே வேகம் கன்டெய்னரைக் கடலில் தள்ளும். ரிச்சர்ட்ஸ் பே வரும் முன்னே கன்டெய்னரைக் கட்டும் கம்பிகளின் டர்ன்பக்கிள் ஒவ்வொன்றையும் இறுக்கி லாக்நட் பார்த்துவிட வேண்டும். காற்று கிளம்பியபின் டெக்கில் ஆளை அனுப்ப முடியாது. விழுந்தால் உடனே சொல்ல வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அது சோலாஸ் விதிப்படி கட்டாயம்.

மாலுமிக்கு இதில் என்ன? கப்பல் கம்பெனிகளும் மாலுமிச் சங்கங்களும் உலக அளவில் பேசி முடிக்கும் ஐபிஎஃப் ஒப்பந்தம் உள்ள கப்பலில், போர்ப்பகுதி என்று அறிவித்த கடலுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ், மரணத்துக்கும் ஊனத்துக்கும் இரட்டை இழப்பீடு, போக மறுத்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்பும் உரிமை. கேப் சுற்றுக்கு இதில் ஒன்றும் கிடையாது, அலைக்கு யாரும் போனஸ் தருவதில்லை. தூத்துக்குடியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஏஜென்ட் மூலம் ஏறும் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் கப்பல் அந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்பதே தெரியாது. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது அது. கப்பலில் ஏறியபின் அந்த ஒப்பந்தத்தின் பிரதி மெஸ் ரூமில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மறுக்கும் உரிமையை நடுக்கடலில் பயன்படுத்த முடியாது. இறங்குவதற்கு ஒரு துறைமுகம் வேண்டும். டர்பனிலிருந்து வடக்கே செங்கடலுக்குப் போகும் கப்பலுக்குப் பல நேரம் அந்தக் கடைசித் துறைமுகம் டர்பனேதான். இங்கே சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐடிஎஃப்-இன் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். மறுப்பை எழுத்தில் கேப்டனிடம் கொடுத்து, பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி, அதை போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துறைமுக பைலட் ஏறும் முன்பே அந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேண்டும்.